காற்று, தடம், பொறி: கயோட்டியை வரவழைக்கவும் பிடிக்கவும் ஒரு முழு வழிகாட்டி

முதல் நாள் நான் கயோட்டியை, வட அமெரிக்காவின் நரி போன்ற அந்த விலங்கை, பார்க்கவே இல்லை. அடிபட்ட முயல் கத்துவதுபோல இருபது நிமிடம் ஊதித் தள்ளினேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம். ஒன்றும் வரவில்லை என்று எழுந்து வண்டியை நோக்கி நடந்தால், நாங்கள் வந்த மண்பாதையில், என் பூட்ஸ் தடத்தின் மேலேயே ஒரு புதுக் கால்தடம். எனக்குப் பின்னால் அறுபதடி வரை வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தது. கூட வந்த ஆட்டுப்பண்ணைப் பெரியவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "வராமல் இல்லை. வந்தது, உன்னை மோந்தது, போய்விட்டது" என்றார்.

டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோவிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் எட்வர்ட்ஸ் பீடபூமியின் உட்பகுதி வரும். சுண்ணாம்புக் கல் மேடு, வறண்ட ஓடைகள், குட்டை ஓக் மரங்கள், நம்மூர் சப்பாத்திக்கள்ளியின் உறவுகள். நம்மூர்க் கண்மாய்களை விழுங்கிவிட்ட சீமைக்கருவேலத்தின் பங்காளியான மெஸ்கீட் மரம் இங்கே மண்ணின் மைந்தன். செம்மறியும் வெள்ளாடும் பெருத்த நிலம் இது. ஆடு இருக்கும் இடத்தில் கயோட்டியும் இருக்கும். நம் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. பொதுவாக 9 முதல் 18 கிலோ எடை. பெயர் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் 'கோயோட்ல்' என்பதிலிருந்து ஸ்பானியம் வழியாக வந்தது.

நான் கற்றுக்கொண்டது எல்லாம் இந்த மண்ணில், இந்த ஒரு விலங்கிடம். அதனால் இந்த வழிகாட்டியும் அதைப் பற்றித்தான். வரவழைப்பதும் பொறி வைப்பதும் இரண்டு தனி வித்தைகள் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அப்படி இல்லை. இரண்டிலும் கயோட்டி எங்கே, எந்தப் பக்கமாக, எதை நம்பிக் கால் வைக்கும் என்பதை அதற்கு முன்னே நாம் அறிந்திருக்க வேண்டும். ஊதலும் இரும்பும் கடைசியில்தான் வரும்.

தொடங்கும் முன்: சட்டம்

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இது எதையும் செய்யக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குள்ளநரியும் வங்காநரி என்ற சிறிய இந்திய நரியும் பாதுகாக்கப்பட்டவை. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி வலைவிரித்து வங்காநரி பிடித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து ஓடவிடும் வழக்கத்துக்கே வனத்துறை தடைபோட்டு அபராதம் விதிக்கிறது. நரிக்குறவர்கள் நரியைப்போலவே ஊளையிட்டு நரியை வலைக்கு வரவழைப்பதில் பேர்போனவர்கள். அந்த வித்தை நம்மிடமும் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன், திரும்பத் தொடங்குவதற்காக அல்ல.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். டெக்சாஸில் கயோட்டிக்குத் தனிப் பருவம் இல்லை, ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். ஆனால் உரிமம் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் என்றால் வேட்டைக் கல்விப் பயிற்சியும் வேண்டும். நிலம் கிட்டத்தட்ட எல்லாமே தனியாருடையது, அதனால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வேலிக்குள் காலே வைக்கக்கூடாது. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் 2022 ஏப்ரலிலிருந்து பொதுநிலத்தில் பொறி வைக்கத் தடை. கொலராடோ 1996-லேயே வாக்கெடுப்பில் கால்பொறிக்குக் கடிவாளம் போட்டது. கலிபோர்னியா 2019-இல் தோலுக்காகப் பொறி வைப்பதையே நிறுத்திவிட்டது. மாநில எல்லையைத் தாண்டினால் நேற்றுவரை சரியாக இருந்தது இன்று குற்றமாகலாம். அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தை உட்கார்ந்து ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

படி 1: கொன்றது யார் என்று பாருங்கள்

பண்ணைக்காரர் கூப்பிட்டு "கயோட்டி என் ஆட்டைக் கொன்றுவிட்டது" என்றால் பாதி நேரம் அது உண்மை. மீதி நேரம் ஊர் நாயாக இருக்கும், இல்லையென்றால் தானாகச் செத்த ஆட்டைக் கயோட்டி பிறகு வந்து தின்றிருக்கும்.

செத்த ஆட்டின் கழுத்துத் தோலைக் கத்தியால் உரித்துப் பாருங்கள். வெளியே ரோமத்தில் ஒன்றுமே தெரியாது. உட்பக்கம் தொண்டையைச் சுற்றிக் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டியிருந்தால், உயிரோடு இருந்தபோது கடிபட்டது என்று பொருள். செத்தபின் கடித்தால் இரத்தம் கட்டாது. பல் பட்ட துளைகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒன்றேகால் அங்குல இடைவெளி, அதுவும் தொண்டைக்குக் கீழே, தாடையை ஒட்டி என்றால் கயோட்டி. தொடை, காது, வால் எல்லாம் கன்னாபின்னாவென்று கிழிந்திருந்தால் நாய். நாய்க்கு அது விளையாட்டு, கயோட்டிக்கு அது சாப்பாடு. முதன்முதலில் பெரியவர் இதை உரித்துக் காட்டியபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. இப்போது முதலில் கேட்பதே கத்தியைத்தான்.

இதைப் பார்க்காமல் பொறி வைத்தால் பக்கத்துப் பண்ணை நாய் மாட்டும், சண்டை வரும், பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. எல்லாக் கயோட்டியும் ஆடு கொல்வதில்லை. குட்டி போட்டு எல்லை பிடித்து வாழும் இணைதான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கிறது. கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளினால் மேயும் ஆடு பிழைத்துவிடும் என்பது கணக்கில் நிற்காது. 1975-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, ஆண்டுதோறும் முக்கால் பங்கு கயோட்டிகளை அகற்றிக்கொண்டே இருந்தால்தான் மொத்த எண்ணிக்கை வீழத் தொடங்கும். காலியான எல்லைக்குப் புதிது வரும், இரை மிஞ்சினால் ஈற்றில் குட்டிகளும் கூடும். ஆட்டைக் கொல்லும் அந்த ஒன்றை, அது நடக்கும் அந்தப் பாதையில் பிடிப்பதே வேலை. நல்ல வேலியும், ஆட்டோடு ஆடாகவே வளர்ந்த கிரேட் பிரனீஸ் காவல் நாயும் இருந்தால் பல பண்ணைகளுக்கு இந்த வழிகாட்டியே தேவைப்படாது.

படி 2: தடம் படியுங்கள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. மண்பாதை, வேலியோரம், ஓடை கடக்கும் இடம், தண்ணீர்த் தொட்டி என்று நடந்து பாருங்கள். துப்பாக்கி வேண்டாம், நோட்டுப்புத்தகம் போதும்.

கயோட்டித் தடம் நீள்வட்டமாக, இரண்டரை அங்குல நீளத்தில் இருக்கும். நடு இரண்டு நகங்களும் முன்னோக்கி நெருங்கிக் குத்தியிருக்கும். நாய்த் தடம் விரல் விரிந்து உருண்டையாகத் தெரியும். கயோட்டி வேலை உள்ளவன் நடப்பதுபோல நேர்கோட்டில் போகும், நாயோ அங்கே இங்கே அலையும். வட்டமாக, நகமே பதியாமல் இருந்தால் அது பாப்கேட் என்ற காட்டுப்பூனை.

பாதை பிரியும் இடத்தில் விட்டை கிடக்கும். கோடைக் கடைசியில் பார்த்தால் மெஸ்கீட் விதையும் கள்ளிப்பழக் கொட்டையுமாக இருக்கும். கயோட்டி கறி மட்டும் தின்னும் விலங்கு அல்ல. குளிர்காலத்தில் அதே விட்டை முடியும் எலும்புமாகச் சாம்பல் நிறத்தில் முறுக்கியிருக்கும். ஒரே இடத்தில் பழையதும் புதியதுமாக மூன்று நான்கு கிடந்தால் அது அவற்றின் எல்லைக் கல். நோட்டில் அந்த இடத்துக்கு இரண்டு கோடு போடுங்கள்.

மாலையில் சூரியன் இறங்கியதும் மேட்டில் நின்று காது கொடுங்கள். ஊளை எந்தப் பக்கம், எத்தனை கூட்டம் என்று தெரியும். இரண்டே கயோட்டி ஊளையிட்டாலும் ஏழெட்டு போலக் கேட்கும். எண்ணிக்கையை நம்பாதீர்கள், திசையை நம்புங்கள்.

படி 3: காற்று

'நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி' என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே அது செல்லாது. இடம் போகுமா வலம் போகுமா என்பதுதான் வேலையே.

முயல் கத்துவதைக் கேட்ட கயோட்டி நேராக ஓடிவந்து வாயில் விழாது. சில சமயம் இளசுகள் அப்படி வரும். ஆனால் ஒரு குளிர்காலத்தைத் தாண்டியது சத்தத்தைச் சுற்றி அரைவட்டம் போட்டு, காற்று போகும் பக்கத்துக்கு வந்து, மூக்கால் உறுதி செய்துகொள்ளும். காது கூப்பிடும், கண் தேடும், முடிவு எடுப்பது மூக்கு.

அதனால் உங்கள் முகத்தில் காற்று அடிக்குமாறு உட்கார்ந்தால் மட்டும் போதாது. அப்படித்தான் நான் முதல் நாள் ஏமாந்தேன். முன்னால் காற்று என்றால் என் வாடை பின்னால் போகிறது, கயோட்டி வந்ததும் பின்னாலிருந்துதான். குறுக்குக் காற்றே நல்லது. காற்று இடமிருந்து வலமாக அடித்தால், வலப்பக்கம் நூறு நூற்றைம்பது கஜம் மறைவில்லாத வெட்டவெளியாக இருக்கும்படி உட்காருங்கள். அது சுற்றி வரவேண்டிய இடம் அதுதான். மூக்குக்கு எட்டுமுன் கண்ணுக்கு எட்டிவிடும். வலப்பக்கம் புதர் அடர்ந்திருந்தால், எவ்வளவு அழகான இடமானாலும் அடுத்த இடத்துக்குப் போங்கள்.

காற்றைப் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு சின்னப் புட்டியில் பவுடர் போட்டு அழுத்தினால் போகும் திசை தெரியும். எங்கள் வீட்டில் பான்ட்ஸ் பவுடர் தீர்ந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட நாளில் வேறொரு சண்டை. வாசனை இல்லாத சுண்ணாம்புப் பொடி மேல்.

மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேல் காற்று அடித்தால் வீட்டில் இருங்கள். சத்தமும் போகாது, அவையும் நடமாடாது. குளிர்க்காற்று வந்து அடங்கிய மறுநாள் விடியல்தான் பொன்னான நேரம்.

படி 4: சத்தம்

வாயால் ஊதும் ஊதல்கள் இரண்டு வகை. நாக்கு (ஊதலுக்குள் அதிர்ந்து சத்தம் தரும் பட்டை) மூடியிருக்கும் ஊதல் எளிது, யார் ஊதினாலும் முயல் கத்தும், ஆனால் ஒரே குரல்தான். நாக்கு திறந்த ஊதலில் பல்லும் உதடும் பிளாஸ்டிக் பட்டையை அழுத்தும் இடத்தைப் பொறுத்து முயல், பறவை, குட்டி, ஊளை எல்லாம் வரும். பழக ஒரு மாதம் ஆகும். அதுவரை வீட்டார் பொறுமையைச் சோதிக்காமல் காருக்குள் கதவை மூடி ஊதுங்கள். நான் அலுவலக வாகன நிறுத்துமிடத்தில் ஊதியதற்குப் பாதுகாவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

மூன்றாவது ஈ-காலர், அதாவது மின்னணு அழைப்புக் கருவி. ரிமோட்டில் அழுத்தினால் தூரத்தில் வைத்த ஒலிபெருக்கி கத்தும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. டெக்சாஸின் மார்பிள் ஃபால்ஸ் ஊரைச் சேர்ந்த பர்ன்ஹாம் சகோதரர்கள் 1950-களில் ஊதல்களைத் தபாலில் விற்று இந்தக் கலையை நாடெங்கும் பரப்பினார்கள். வேக்கோ நகரின் ஜானி ஸ்டூவர்ட் உண்மையான விலங்குக் குரல்களைப் பதிவுசெய்து இசைத்தட்டாக விற்றார். இப்போதைய கருவிகள் அந்த வழியின் பேரப்பிள்ளைகள்.

ஈ-காலரின் நன்மை சத்தம் அல்ல, தூரம். உங்களிடமிருந்து ஐம்பது கஜம் தள்ளி, காற்று வரும் பக்கமாக வையுங்கள். கயோட்டியின் கண்ணும் காதும் அங்கே போகும். அது சுற்றி வரும் வட்டமும் உங்கள் முன்னாலேயே விழும். பக்கத்தில் ஒரு குச்சியில் ஆடும் முயல் தோலோ இறகோ கட்டினால் இன்னும் நல்லது. இதற்குப் பழந்தமிழில் 'பார்வை' என்றே பெயர் உண்டு. பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானைப் பிடித்தார்கள், அது பார்வை மான். வேடர் வழக்கிலிருந்த அந்தச் சொல்லை இங்கே குச்சியில் ஆடும் இந்தப் பொம்மைக்கு வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

ஒரு அமர்வு எப்படிப் போகும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

வண்டியை மேட்டுக்குப் பின்னால், தெரியாதபடி நிறுத்துங்கள். கதவைச் சாத்தும் சத்தம்தான் பலருடைய வேட்டையை முடித்துவிடுகிறது. கதவை விரலால் அழுத்தி மூடுங்கள், பேச வேண்டாம். கால் மைலாவது நடங்கள். வான விளிம்பில் உருவம் தெரியும்படி மேட்டு உச்சியில் நடக்காதீர்கள்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நல்லது. புதருக்குப் பின்னால் அல்ல, புதருக்கு முன்னால், அதன் நிழலில் உட்காருங்கள். உருவத்தைப் புதர் விழுங்கிக்கொள்ளும், பார்வையும் மறைக்காது. முகமும் கையும் மூடியிருக்க வேண்டும். உடுப்பின் பச்சை நிறத்தைவிட அசையாமல் இருப்பது பத்து மடங்கு முக்கியம்.

உட்கார்ந்ததும் ஊதாதீர்கள். ஐந்து நிமிடம் காடு உங்களை மறக்கட்டும். பிறகு மெல்லிய சத்தத்தில் அரை நிமிடம். எண்பது கஜத்தில் ஒன்று படுத்திருந்தால் எடுத்த எடுப்பில் அலறினால் அது ஓடிவிடும். ஒரு நிமிடம் மௌனம். மீண்டும் அரை நிமிடம், சற்று உரக்க. மூச்சு முட்டுவதுபோல, உடைந்து உடைந்து ஊதுங்கள். சாகும் முயல் தாளத்தில் கத்தாது.

பதினைந்து இருபது நிமிடம் போதும். பாப்கேட் வேண்டும் என்றால் நாற்பது நிமிடமாவது உட்கார வேண்டும். அது ஓடி வராது. பத்தடி வந்து பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும், நம் பொறுமை போன பிறகு எழுந்து வரும். (பாப்கேட் தோலை விற்பதென்றால் மாநில முத்திரை வேண்டும். உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள விலங்கு.)

ஓடி வரும் கயோட்டியை நிறுத்த வாயாலேயே நாய் போல ஒரு "வூஃப்". சட்டென்று நின்று பார்க்கும். அந்த இரண்டு நொடிக்குள் அது என்ன விலங்கு, அதன் பின்னால் என்ன இருக்கிறது, வீடா, பாதையா, ஆடா என்று பார்த்து முடித்திருக்க வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் கயோட்டி நிறத்து நாய்கள் நிறையச் சாகின்றன. சந்தேகம் என்றால் விரல் விசைக்குப் போகக்கூடாது. ஒன்று விழுந்தாலும் உடனே எழாதீர்கள், குட்டி கத்தும் குரலை ஊதிக்கொண்டே இருங்கள். இணை பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்கும்.

ஒன்றும் வரவில்லை என்றால் அரை மைலுக்கு மேல் தள்ளி அடுத்த இடம். ஒரே இடத்தில் வாராவாரம் ஊதினால் அவை பாடம் கற்றுக்கொள்ளும். பிறகு அந்த ஊதல் அவற்றுக்கு எச்சரிக்கை மணி.

எந்த மாதம் எந்தக் குரல்

அக்டோபர், நவம்பரில் இளசுகள் தாய்வீட்டை விட்டு அலையும். முயல் குரல் போதும், ஓடி வரும். ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் பருவம், அப்போது சோற்றைவிட எல்லைதான் பெரிது. தனி ஊளை ஒன்று போட்டுவிட்டுக் காத்திருங்கள், யாரடா இது என்று பார்க்க வரும். ஆனால் சவால் விடும் ஊளையைப் புதியவர்கள் தொடவேண்டாம். இளம் கயோட்டி பயந்து ஓடும். கரு சுமப்பது ஏறக்குறைய 63 நாள், ஏப்ரல் மே மாதங்களில் குட்டி. அந்தச் சமயம் குட்டிக் குரலுக்குத் தாய் தலைதெறிக்க ஓடி வரும். ஆடு கொல்லும் இணையைப் பிடிக்கப் பண்ணைக்காரர்கள் இதைச் செய்வார்கள். பொழுதுபோக்குக்கு நான் செய்வதில்லை. அதற்குமேல் இதில் விவாதிக்க எனக்கு விருப்பம் இல்லை.

படி 5: பொறி

ஊதல் அரைமணி வேலை. பொறி இரவும் பகலும் நீங்கள் இல்லாத நேரத்தில் வேலை செய்யும். அதனாலேயே அதற்குப் பொறுப்பு அதிகம்.

கயோட்டிக்கு வைப்பது கால்பொறி. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடாவில் ஸியூவல் நியூஹவுஸ் என்ற கொல்லர் 19-ஆம் நூற்றாண்டில் செய்து பரப்பிய வடிவத்தின் வாரிசு. நடுவில் தட்டு, இருபக்கம் தாடை, சுருள் ஸ்பிரிங். தாடை விரிந்தால் உள்ளளவு ஐந்தரை அங்குலத்தை ஒட்டி இருக்க வேண்டும். படங்களில் வரும் பல் வைத்த பொறியை மறந்துவிடுங்கள். மூடினாலும் சிறு இடைவெளி விடும், விளிம்பு தடித்த தாடை வாங்குங்கள். பாதத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் நோக்கம், எலும்பை உடைப்பது அல்ல. சங்கிலி குட்டையாக, நடுவில் இரண்டு மூன்று சுழல் வளையங்களோடு இருந்தால் விலங்கு சுற்றினாலும் கால் முறுக்காது.

புதுப் பொறி எண்ணெய் பூசி வரும். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வெளியே போட்டு மெல்லிய துரு ஏறவிட்டு, லாக்வுட் என்ற மரச்சாயத்தில் வேகவைத்து, கடைசியில் உருகிய மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். துரு வாடையும் போகும், தாடையும் வழுக்கிக்கொண்டு மூடும். அடுக்களைப் பாத்திரம் வேண்டாம், அடுப்பும் வெளியே இருக்கட்டும். உருகிய மெழுகு தீப்பிடிக்கும். உடலை இறுக்கிக் கொல்லும் கோனிபேர் வகைப் பொறியை மட்டும் மெழுகில் போடக்கூடாது. வழுக்கலில் கையிலேயே மூடிக்கொள்ளும். கண்ணியும் கோனிபேரும் கொல்லும் கருவிகள். ஆடும் நாயும் நடமாடும் இடத்தில் புதியவர் கையில் அவற்றுக்கு வேலை இல்லை என்பது என் கருத்து, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இடம். ஓடை பாதையைக் கடக்கும் இடம், வேலி மூலை, நோட்டில் இரண்டு கோடு போட்ட அந்த விட்டை இடம். பாதையின் நடுவே வைக்காதீர்கள். பாதைக்கு ஓரமாக, காற்று வரும் பக்கம் வையுங்கள். வாடை பாதைக்குக் குறுக்கே மிதந்து, போகிற கயோட்டியின் மூக்கில் விழவேண்டும். ஆடு நடக்கும் தடத்தில் வைத்தால் காலையில் ஆடுதான் நிற்கும்.

இனி மண்குழிப் பொறி. கயோட்டி எதையோ புதைத்துவைத்ததுபோல நாம் ஒரு நாடகம் ஆடுகிறோம்.

பின்னணியாக ஒரு புல் கொத்தோ காய்ந்த சாணியோ இருக்கட்டும். கயோட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து நெருங்காமல் முன்பக்கமாக வரும். கையுறை போட்டு, துணி விரித்து, அதன்மேல் முழங்கால் போட்டு உட்காருங்கள். பின்னணியின் அடியில் மூன்று அங்குல அகலத்தில், சாய்வாக, ஏழெட்டு அங்குல ஆழத்துக்குத் துளை தோண்டுங்கள். எலிப்பொந்து மாதிரி இருக்க வேண்டும்.

துளை வாயிலிருந்து எட்டு ஒன்பது அங்குலம் முன்னால் பொறிக்கு ஒரு படுக்கை வெட்டுங்கள். நேர் நடுவில் வேண்டாம், ஓர் அங்குலம் இடமோ வலமோ தள்ளி. கயோட்டி துளையை மோக்கக் குனியும்போது இரண்டு கால்களும் நடுக்கோட்டுக்கு இருபுறமும்தான் ஊன்றும். இரண்டடி முளைக்கம்பியைப் படுக்கையின் நடுவிலேயே அடித்து இறக்குங்கள். இந்தச் சுண்ணாம்பு மண்ணில் கம்பி அரையடியில் கல்லில் முட்டினால் இடத்தை மாற்றுங்கள். 'பிடிக்கும்' என்று நம்பி விட்டால் கயோட்டியும் பொறியும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது பொறியைப் படியவைப்பது. புதியவர்கள் தோற்பது இங்கேதான், நானும் தோற்றேன். பொறியைப் படுக்கையில் வைத்து, தாடைக்கு வெளியே சுற்றிலும் மண்ணை விரலால் குத்திக் குத்தி இறுக்குங்கள். பிறகு தாடையின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். அணுவளவும் ஆடக்கூடாது. நான் முதலில் வைத்த பொறி ஒரு மூலையில் இலேசாக ஆடியது, போதும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் போனால் பொறியைச் சுற்றித் தோண்டி, குப்புறக் கவிழ்த்து, அதன்மேலேயே விட்டை போட்டுவிட்டுப் போயிருந்தது. பெரியவர் இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஓரத்தில் கால் பட்டுப் பொறி அசைந்தால் அடியில் ஏதோ இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான்.

தட்டுக்கு அடியில் மண் போகாமல் மெழுகுத்தாளோ ஜன்னல் வலைத்துண்டோ மேலே மூடுங்கள். தட்டு மூன்று பவுண்டு அளவு அழுத்தத்துக்கு இறங்கும்படி திருகை முறுக்கினால் எலியும் பறவையும் மாட்டாது. இப்போது சல்லடையால் காய்ந்த மண்ணைக் கால் அங்குல கனத்துக்குத் தூவுங்கள். கல் ஒன்றுகூட வேண்டாம், தாடைக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். ஆனால் பொறியின் ஓரங்களில் நாலைந்து கூழாங்கல்லும் சுள்ளியும் போடுங்கள். கயோட்டி கல்மேல் கால் வைக்காது, நடுவிலிருக்கும் மெத்தென்ற மண்ணில்தான் வைக்கும். அதன் கால் எங்கே விழும் என்பதை இந்தச் சுள்ளிகள் முடிவு செய்கின்றன.

துளைக்குள் கட்டைவிரல் அளவு இறைச்சித் துண்டு, அதன்மேல் ஒரு பிடி புல் அடைப்பு. துளை விளிம்பில் கடையில் விற்கும் வாசனைச் சாந்தில் ஒரு பட்டாணி அளவு. பின்னணியில் கயோட்டி மூத்திரம் இரண்டு மூன்று சொட்டு. அதிகம் போட்டால் அதிகம் வரும் என்பது தப்பு. வாசனை தூக்கலாக இருந்தால் தூரத்தில் நின்றே திருப்தியாகி உருண்டு புரண்டுவிட்டுப் போகும், துளைக்குக் கிட்டே வராது. புல் கொத்தால் உங்கள் தடத்தைப் பெருக்கிவிட்டு அதே வழியில் திரும்புங்கள்.

மழை, பனி வந்தால் மண் கட்டிப்போகும், பொறி மூடாது. கோடையிலேயே சலித்த மண்ணில் மெழுகுத் துகள் கலந்து தகரத்தில் பரப்பி வெயிலில் காயவைத்து, வாளியில் மூடி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அலுப்பு பிடித்த வேலைதான், ஆனால் ஈரத்திலும் அந்த மண் இறுகாது.

படி 6: தினமும் போய்ப் பாருங்கள்

டெக்சாஸ் சட்டம் 36 மணி நேரத்துக்குள் என்கிறது. பல மாநிலங்களில் 24. நீங்கள் சட்டத்தைப் பார்க்காமல் தினமும் விடிந்ததும் போங்கள். போக முடியாத வாரத்தில் பொறி வைக்காதீர்கள். வேலை, காய்ச்சல், பிள்ளையின் பள்ளி விழா எதுவாக இருந்தாலும் முதல்நாள் மாலையே பொறியை மூடிவிட்டு வாருங்கள்.

பொறிக்குக் கிட்டே நடந்து போகவேண்டாம், தூரத்திலிருந்து தொலைநோக்கியால் பாருங்கள். காலியாக இருந்தால் அப்படியே திரும்புங்கள். கயோட்டி மாட்டியிருந்தால் தாமதம் இல்லாமல், சத்தம் போடாமல், .22 துப்பாக்கியால் தலையில் ஒரே குண்டு. படம் எடுக்க நேரம் கடத்துவது எனக்குப் பிடிக்காது.

வேறு ஏதாவது மாட்டியிருந்தால் விடுவிக்க வேண்டும். நாய், ரக்கூன் போன்றவற்றுக்குக் கழியின் முனையில் கயிற்று வளையம் வைத்த பிடிகழி ஒன்று வண்டியில் கட்டாயம். கழுத்தை வளையத்தில் பிடித்து, தரையோடு அழுத்தி, பொறியின் இருபக்க நெம்பிகளையும் இரண்டு காலால் மிதித்தால் தாடை தளரும். இதை வீட்டில் வெறும் பொறியில் பத்து தடவை பழகுங்கள். கடிக்கும் நாயை வைத்துப் பழக முடியாது. நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும் ஸ்கங்க் மாட்டினால் மட்டும் முன்னால் ஒரு பெரிய துணியைப் பிடித்துக்கொண்டு, ஆமை வேகத்தில் போய், அதன்மேல் மெல்லப் போர்த்துங்கள். எனக்கு இது மூன்றில் ஒரு தடவைதான் பலித்தது. மற்ற இரண்டு தடவையும் வராந்தாவில் படுத்தேன்.

தொடும்போது ரப்பர் கையுறை. தெற்கு டெக்சாஸ் கயோட்டிகளிடையே 1988-இல் வெறிநோய் பரவி, 1995 முதல் விமானத்தில் தடுப்பு மருந்து இரையைக் கொட்டித்தான் அதை அடக்கினார்கள். சொறி, உண்ணி, முயல் காய்ச்சல் எல்லாம் இன்னும் உண்டு. பகலில் தள்ளாடி நடக்கும், மனிதனைக் கண்டு ஓடாத கயோட்டி எதையும் கையால் தொடாமல் சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள்.

கடைசி நாள்

பொறி எடுக்கும் நாள் வைக்கும் நாளைவிட மெதுவாக நடக்க வேண்டியது. வைத்தபோதே நோட்டில் எண், இடம், அடையாள மரம், வேலியிலிருந்து எத்தனை காலடி என்று எழுதியிருக்க வேண்டும். மழைக்குப் பிறகு புல் முளைத்துவிட்டால் நீங்களே மறைத்த பொறி உங்களுக்கே தெரியாது. ஒவ்வொன்றாகக் குச்சியால் தட்டி மூடவைத்து, முளையைப் பிடுங்கி, துளையை மண்ணால் அடைத்து மிதித்துவிடுங்கள். ஆட்டுக் கால் அதில் இறங்கினால் ஒடிந்துபோகும். பன்னிரண்டு வைத்திருந்தால் வண்டியில் பன்னிரண்டு ஏறியிருக்க வேண்டும். பதினொன்றுதான் இருக்கிறது என்றால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், பன்னிரண்டாவது கிடைக்கும்வரை டார்ச் அடித்துத் தேடுங்கள்.